எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால்



இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக இருக்கும் நேரம் வாசியுங்கள். சகோதரிகள் இருவர் சேர்ந்து எழுதுவதால் ‘நாங்கள்’ என்றே எழுதுகிறோம். இருவரும் ஒரே பாடசாலையில் படிப்பிக்கிறோம், ஒரே வீட்டில் உம்மாவோடு இருக்கிறோம். இதில் வரும் தாய்மாரிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறோம். பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம். யார் என்று ஊகித்தாலும் கருத்தில் எழுத வேண்டாம் என்று பணிவாகக் கேட்டுக்கொள்கிறோம்.

சில வாரங்களுக்கு முன், தரம் ஐந்து பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் பயிற்சியாக ‘எனது குடும்பம்’ என்று ஐந்து வசனம் எழுதக் கொடுத்தோம். பிள்ளைகள் போன பிறகு கொப்பிகளைப் பிரித்து வைத்துக்கொண்டு இருவரும் திருத்திக்கொண்டிருந்தோம். ஒரு பிள்ளை எழுதியிருந்தாள்: “எனக்கு இரண்டு தம்பிமார் இருக்கிறார்கள். ஒரு தம்பி வீட்டில் இருக்கிறார். ஒரு தம்பி மையவாடியில் இருக்கிறார்.”

முதல் வசனத்தை வாசித்ததுமே எங்கள் சிவப்புப் பேனை ‘இரண்டு’ என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டது. அந்தக் குடும்பம் எங்களுக்குத் தெரிந்த குடும்பம். மூன்று வயதில் ஒரு தம்பிதான் இருக்கிறான். பிள்ளை கவனமில்லாமல் எழுதிவிட்டாள் என்று நினைத்தோம். மூன்றாவது வசனத்துக்கு வந்த பிறகுதான் கை நின்றது.

அடுத்த நாள் கொப்பியைக் கையில் வாங்கிய பிள்ளை வட்டத்தைப் பார்த்தாள். அழவில்லை. எங்களிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்: “டீச்சர், உம்மா சொன்ன, ரெண்டு எண்டுதான் சொல்லோணுமாம்.”

அந்தக் கொப்பி எங்களை நிம்மதியாக இருக்கவிடவில்லை. ஏனென்றால் அந்த இரண்டாவது தம்பி மௌத்தான நாட்களில் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது எங்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அது 2020 டிசம்பர். கொரோனாவில் மரணித்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று அந்த ஆண்டு ஏப்ரலில் வர்த்தமானி வந்திருந்தது. டிசம்பரில், பிறந்து 20 நாளேயான ஒரு பச்சிளம் குழந்தை கொழும்பில் மௌத்தாகி, பெற்றோரின் சம்மதம் இல்லாமலே பொரளையில் எரிக்கப்பட்டது. கையொப்பம் போட வாப்பா மறுத்தும் நடந்தது. அதற்குப் பிறகு பொரளை மயானத்தின் வாசற் கம்பிகளில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். கபன் கிடைக்காத பிள்ளைக்காகக் கட்டிய துணி. முஸ்லிம்கள் மட்டுமல்ல, மற்றச் சமயத்தவர்களும் வந்து கட்டினார்கள். அடுத்த நாளே அவை அகற்றப்பட்டன. பிறகு ஊர் ஊராக வெள்ளைத் துணி கட்டினோம். நாங்களும் எங்கள் கேற்றில் கட்டினோம், படம் எடுத்து முகநூலில் போட்டோம், முகப்புப் படத்தையும் மாற்றினோம். அதில் தவறில்லை. அந்தக் குரல்கள் எழுந்திருக்காவிட்டால் 2021 பெப்ரவரி 25 ஆம் திகதி அந்த விதி மாறியிருக்காது, மார்ச் மாதம் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியிருக்காது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்பும் கேட்டது.

அதே டிசம்பரில்தான் எங்கள் தெருவிலும் ஒரு பிள்ளை மௌத்தானது. பிறந்து நான்காம் நாள். கொரோனா இல்லை, பிறவியிலேயே இருதயத்தில் குறை. அல்ஹம்துலில்லாஹ், அந்தப் பிள்ளைக்குக் கபனும் கிடைத்தது, எங்கள் மையவாடியிலேயே இடமும் கிடைத்தது. அதனாலோ என்னவோ, ‘எல்லாம் முறையாக நடந்துவிட்டது’ என்று ஊரே ஆறுதல்பட்டுக்கொண்டது. கொரோனாப் பயம் வேறு. யாரும் யாருடைய வீட்டுக்கும் போவதில்லை. நாங்கள் ஒரு குரல் பதிவு அனுப்பினோம்: “பொறுமையா இருங்க, அது சொர்க்கத்துப் பறவை.” அவ்வளவுதான். முன்பின் தெரியாத ஒரு தாய்க்காகக் கேற்றில் துணி கட்டிய நாங்கள், நான்கு வீடு தள்ளி இருந்த தாயின் படியேறவில்லை. முகப்புப் படத்தை ஒரு மாதத்தில் மாற்றிவிட்டோம். அந்தத் தாய் எதை மாற்றுவாள்?

இதைவிட வெட்கமான விஷயம், எங்களுக்கு இது தெரியாத துக்கம் அல்ல என்பதுதான். எங்கள் உம்மாவே அப்படி ஒரு தாய்.

1990 செப்டெம்பர் கடைசியில், கோட்டையைச் சுற்றி நடந்த சண்டை ஓயும் நாட்களில், எங்கள் தம்பி பிறந்தான். மூன்று நானாமார், நாங்கள் இருவர், அவன் ஆறாவது. எங்களில் ஒருவருக்கு அப்போது ஒன்பது வயது, மற்றவருக்கு ஏழு. பிரசவம் வீட்டில்தான், மருத்துவச்சி வந்து பார்த்தார். ஏழாம் நாள் முடி இறக்கிப் பெயர் வைத்தார்கள். அந்தச் சண்டைக் காலத்திலும் எங்கேயோ சீனி தேடி வந்து உம்மம்மா வட்டிலப்பம் அவித்தார். பத்தொன்பதாம் நாள் காய்ச்சல் கண்டு அன்றிரவே போய்விட்டான். வாப்பா தன் இரண்டு கைகளிலும் வைத்துக் கொண்டுபோனதைப் பார்த்தோம். சந்தூக்கு எடுக்கவில்லை. அத்தனை சின்னப் பிள்ளைக்குச் சந்தூக்கு எதற்கு?

உம்மா மையவாடிக்குப் போகவில்லை. எங்கள் வழக்கில் பெண்கள் போவதில்லை. பிள்ளை பெற்ற நிபாஸ் காலம் என்பதால் ஜனாஸாத் தொழுகையும் அவருக்கு இல்லை. அறையின் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாப்பா திரும்பி வந்து சொன்னார்: “வேப்ப மரத்தடியில, சுவர் ஓரமா. நாப்பது கழியட்டும், வெளிய நிண்டு பாக்கலாம், கூட்டிக்கொண்டு போறன்.” உம்மா நாட்களை எண்ணத் தொடங்கினார்.

1990 ஒக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை. அன்று என்ன நடந்தது என்பதை இதை வாசிக்கும் பலருக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. காலையில் ஒலிபெருக்கி. ஒஸ்மானியா பக்கம் வரச் சொன்னார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று விடுதலைப் புலிகள் அறிவித்தார்கள். அந்த ஒக்டோபரில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் அப்படி வெளியேற்றப்பட்டார்கள். வீடு, கடை, நகை, காணி உறுதி என்று இழந்தவற்றைப் பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது, பேசியாகிவிட்டது. உம்மாவின் கணக்கு வேறு. அன்று அவருக்கு முப்பத்தெட்டாம் நாள். இன்னும் இரண்டு நாள் இருந்தது.

ஐந்துசந்தியில் பைகளைக் கொட்டிச் சோதித்தார்கள். பெண்களைச் சோதித்தவர்கள் இளம் பெண்பிள்ளைகள். உம்மாவின் பையிலிருந்து ஒரு சின்னப் பிள்ளைச் சட்டை விழுந்தது. சோதித்த பிள்ளை எங்கள் ஐந்து பேரையும் பார்த்துவிட்டுக் கேட்டது: “கைக்குழந்தை எங்க அக்கா?” உம்மா பதில் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை ஒரு கணம் நின்று, சட்டையை மடித்துப் பைக்குள் வைத்தது. காப்பையும் தோட்டையும் கழற்றி வாங்கிக்கொண்டது. சட்டை எங்களோடு புத்தளம் வந்தது.

புத்தளத்தில் ஓலைக் கொட்டில் கிடைத்து, நிவாரண அட்டைக்குப் பதிகிற நாள் வந்தது. மேசையில் இருந்தவர் கேட்டார்: “பிள்ளைகள் எத்தனை?” உம்மா “ஆறு” என்றார். அவர் தலைகளை எண்ணினார். “ஐந்துதானே நிக்குது?” பின்னால் நீண்ட வரிசை. பொய் சொல்லிக் கூடுதலாக ஒரு பங்கு அரிசி கேட்கிறார்கள் என்று அவர் நினைத்திருப்பார். வாப்பாவுக்கு வெட்கமாகிவிட்டது. “ஐந்து ஐயா, ஐந்து” என்று அவசரமாகச் சொன்னார். ஐந்து என்று எழுதப்பட்டது. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் உம்மா ஐந்து என்றுதான் சொன்னார். பல வருடங்கள் அந்தத் தம்பியின் பெயர் எங்கள் கொட்டிலுக்குள் ஒலிக்கவில்லை. உம்மா மறந்துவிட்டார் என்றே நாங்கள் நினைத்தோம். பிள்ளைகள் அல்லவா, எங்களுக்கு என்ன தெரியும்.

சமாதான காலத்தில், 2002 இல் ஏ9 வீதி திறந்த பிறகு, முதல் தடவையாக வீட்டைப் பார்க்க வந்தோம். வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு நிலைகள் இல்லை. உம்மா அதைப் பார்த்துப் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. மையவாடிக்குப் போக வேண்டும் என்றார். உள்ளே ஒரே பற்றை. உம்மாவும் நாங்களும் சுவருக்கு வெளியே நிற்க, பெரிய நானா உள்ளே போனார். நீண்ட நேரம் கழித்துக் கையெல்லாம் முள் கீறி வெளியே வந்தார். “கண்டுபிடிச்சிட்டன் உம்மா. நல்லா இருக்கு. பக்கத்துல பூவரசு நிக்குது” என்றார்.

உம்மா அவர் முகத்தையே பார்த்தார். “அது வேம்பு, மகன்” என்றார். பிறகு, “பரவாயில்ல” என்று நானாவின் கையில் குத்தியிருந்த முள்ளை எடுக்கத் தொடங்கினார்.

நானா சொன்ன பொய்யை அல்லாஹ் மன்னிப்பானாக. அன்றுதான் எங்களுக்கு விளங்கியது: பன்னிரண்டு வருடமாக உம்மா ஒரு நாளும் மறக்கவில்லை. நாங்கள் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை.

இப்போது உம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. வைத்தியரிடம் கூட்டிப்போனால் ஒரு விஷயத்தைக் கவனிக்கிறோம். வைத்தியர்கள் “எத்தனை பிள்ளைகள்?” என்று கேட்பதில்லை, “எத்தனை பிரசவம்?” என்று கேட்கிறார்கள். உம்மா உடனே நிமிர்ந்து, “ஆறு” என்பார். சரியான கேள்வியை யாரோ ஒருவர் கேட்டுவிட்டார் என்ற முகம்.

இவ்வளவும் தெரிந்த நாங்கள்தான் அந்தப் பிள்ளையின் கொப்பியில் வட்டம் போட்டோம். புத்தளத்து மேசையில் இருந்தவருக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்?

இதைப் பாடசாலையில் ஒரு இந்து ஆசிரியையிடம் சொன்னோம். ஆறு வருடமாக எங்களோடு ஒரே ஓய்வறையில் இருந்து சாப்பிடுகிறவர். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “எனக்கும் முதல் பிள்ளை ஒண்டு இருந்தது டீச்சர்” என்றார். இரண்டு கிழமை இருந்ததாம். எங்களுக்குத் தெரியவே தெரியாது. அவர் சொன்னார்: பெரியவர்கள் செத்தால் எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி, வருடா வருடம் திவசம் என்று அழுவதற்கு நாள் குறித்து வைத்திருக்கிறார்கள். கைக்குழந்தையை எரிப்பதில்லை, புதைப்பார்கள், அந்தக் கிரியைகளும் இல்லை. “ஒரு நாளாவது குறிச்சுத் தந்திருந்தா அண்டைக்காவது எல்லாருக்கும் முன்னால அழுதிருப்பன்” என்றார். எங்களிலும் பெரியவர்கள் மௌத்தானால் வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள், கத்தம் என்று கூடுவார்கள். (கத்தம் ஓதுவது பற்றி எங்களுக்குள் இருக்கும் கருத்து வேறுபாட்டுக்குள் இங்கே போகவில்லை.) சின்னப் பிள்ளைக்கு அதுவும் பெரும்பாலும் இல்லை. எரிக்காமல் புதைக்கப்பட்ட அவருடைய பிள்ளைக்கும், எங்கள் பிள்ளைக்கும், தாய்மார் இருவருக்கும் கிடைத்தது ஒன்றுதான்: “வயசு இருக்கு, இன்னொண்டு பிறக்கும்.”

எங்கள் பாட்டிமார் காலத்தில் இது இப்படி இருந்திருக்காது என்று நினைக்கிறோம். 1940களின் நடுப்பகுதியில் இலங்கையில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூறுக்கும் மேல் ஒரு வயதைக் காணாமல் போயின. இன்று அது பத்துக்கும் குறைவு. மருத்துவமாதுமாரும் கிளினிக்கும் தடுப்பூசியும் தாய்மார் படித்ததும் சேர்ந்து கொண்டுவந்த பெரிய நிஃமத் இது. ஆனால் அந்தக் காலத்தில் வேலிக்கு அந்தப் பக்கமும் ஒருத்தி, இந்தப் பக்கமும் ஒருத்தி பிள்ளையைக் கொடுத்தவளாக இருந்தாள். சொல்லாமலே விளங்கிக்கொள்ள ஆள் இருந்தது. இன்று தெருவில் ஒருத்தி மட்டும். மற்ற எல்லோருக்கும் பிள்ளை நல்லபடி. அதனால் அவள் வாசலைத் தாண்டிப் போகும்போது நாம் குரலைத் தாழ்த்திக்கொண்டு போய்விடுகிறோம்.

மார்க்கத்தின் பெயரில் நாம் சொல்வதையும் யோசித்தோம். ஒரு பிள்ளை மௌத்தானால் பயானில் உம்மு ஸுலைம் (ரலி) அவர்களுடைய சம்பவம் கட்டாயம் வரும். பிள்ளை மௌத்தான இரவிலும் கணவருக்கு உணவு கொடுத்து, அவர் ஆறிய பிறகு பக்குவமாகச் செய்தியைச் சொன்ன அந்தப் பெரிய பெண்மணியின் பொறுமை. அது உண்மை, அது உயர்ந்த படித்தரம். ஆனால் பால் கட்டி நோவில் கிடக்கும் இருபது வயதுத் தாயிடம் அன்றைக்கே அதைச் சொல்லும்போது, ‘நீ அழுவதால் அவரைவிடக் குறைந்தவள்’ என்றுதான் அவள் காதில் விழுகிறது.

இன்னொரு சம்பவமும் ஹதீஸில் இருக்கிறது. கப்ரடியில் தன் பிள்ளைக்காக அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணை நபி (ஸல்) அவர்கள் கடந்து போகிறார்கள். பொறுமையாக இருக்கச் சொல்கிறார்கள். யார் என்று தெரியாமல் அவள், என் முஸீபத் உமக்கு வரவில்லை, விலகிப் போம் என்ற கருத்தில் பதில் சொல்லிவிடுகிறாள். உலகத்துக்கே அருட்கொடையாக வந்தவரிடம் சொன்ன சொல்! நபியவர்கள் அவளைக் கண்டிக்கவில்லை, வாதாடவில்லை, விலகிப் போய்விட்டார்கள். பிறகு யார் என்று தெரிந்து அவளே தேடி வந்தபோதுதான், பொறுமை என்பது முதல் அடியின்போது இருப்பது என்பதைச் சொல்லிக் கொடுத்தார்கள். அவளுடைய முஸீபத் அவர்களுக்கு வராததும் அல்ல. காஸிம், அப்துல்லாஹ், இப்ராஹீம் என்று தங்கள் ஆண்பிள்ளைகள் எல்லோரையும் சிறு பராயத்திலேயே மண்ணுக்குக் கொடுத்தவர்கள் அவர்கள். அதை அந்த இடத்தில் சொல்லிக் காட்டவும் இல்லை.

இப்ராஹீம் மௌத்தான நேரம் நபியவர்களின் கண்கள் கலங்கின. தாங்களுமா என்று கேட்டவருக்கு, இது இரக்கம் என்று விளக்கம் சொன்னார்கள். அன்று சூரிய கிரகணம். பிள்ளையின் மௌத்துக்காகத்தான் சூரியன் இருண்டது என்று மக்கள் பேசியபோது, எவருடைய பிறப்புக்கோ இறப்புக்கோ கிரகணம் பிடிப்பதில்லை என்று திருத்தினார்கள். மூட நம்பிக்கையைத் திருத்தினார்கள், கண்ணீரைத் திருத்தவில்லை. ஒப்பாரி வைத்து அடித்துக்கொள்வதுதான் தடை. அழுவது தடையல்ல. இந்த வித்தியாசத்தை எங்கள் பெண்களுக்கு நாம் சரியாகச் சொல்லவில்லை.

இன்னொன்று, வெட்கப்படாமல் சொல்ல வேண்டியது. பிள்ளை போனாலும் தாயின் உடம்புக்கு அது தெரியாது. பிரசவம் ஆகி இரண்டு மூன்று நாளில் பால் ஊறும். பிள்ளை இல்லாத மடியில் பால் கட்டிக் கல்லாகும். பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதால் சட்டை நனையும். இதை யாரும் அவளுக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை. மல்லிகைப் பூவை மார்பில் கட்டிப் பாலை வற்றச் செய்யும் வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு. வேலூர் வைத்தியர்கள் அதை மாத்திரையோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, பலன் இருப்பதாக 1988 இல் எழுதினார்கள். இங்கே குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் வழி சொல்வார். குளிர்ந்த துணி வைக்கலாம். நோவு அடங்குகிற அளவுக்கு மட்டும் பாலை எடுக்கலாம், முழுவதும் எடுத்தால் இன்னும் ஊறும். காய்ச்சல் வந்தால், மார்பு சிவந்தால் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வீட்டில் இருக்கும் மாமியோ ராத்தாவோ இதை முதல் நாளே மெதுவாகச் சொல்லிவிட்டால், அந்த இரவில் அவள் தனியாகப் பயந்துபோக மாட்டாள்.

கொப்பி விஷயத்தை உம்மாவிடம் சொன்னோம். எங்களை ஏசவில்லை. “என்னையும் அங்க கூட்டிக்கொண்டு போங்க” என்றார். அஸருக்குப் பிறகு மூன்று பேரும் போனோம். நாலரை வருடம் பிந்திப் போகிறோம் என்று எங்களுக்குக் கால் கூசியது. என்ன சொல்லித் தொடங்குவது என்றும் தெரியவில்லை. அந்தத் தங்கச்சி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். உம்மா அவளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு ஒரேயொரு கேள்வி கேட்டார்:

“அந்தப் பிள்ளை யாருட சாயல் மகள்?”

பொறுமை இல்லை, சொர்க்கம் இல்லை, கத்ர் இல்லை. யாருடைய சாயல்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “காது மாமாட காது” என்றாள். அவ்வளவுதான், மஃரிப் பாங்கு வரைக்கும் கதைத்தாள். தலைமுடி எவ்வளவு கறுப்பு, ஒரு தரம் எப்படிக் கொட்டாவி விட்டான், கண்ணாடிப் பெட்டிக்குள் விரலைக் கொடுத்தபோது எப்படிப் பிடித்தான். கணவர் பிறப்பையும் இறப்பையும் ஒரே நாளில் பதியப் போனது. பதிவாளர் பெயர் கேட்டபோது, பெயர் வைக்க முன்னமே போய்விட்டதே என்று தயங்காமல், அவள் மனதில் வைத்திருந்த பெயரையே சொல்லிப் பதிந்துகொண்டு வந்தது. அந்தப் பிறப்புச் சான்றிதழை எடுத்துக் காட்டினாள். உள்ளே வைத்த மற்றக் கடதாசிகளெல்லாம் பழுப்பேறிக் கிடக்க, இது மட்டும் பொலித்தீன் உறைக்குள் இருந்தது. உம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். விரலை வைத்துப் பெயரைக் கூட்டி வாசித்தார். பிறகு எங்கள் தம்பியின் பெயரைச் சொன்னார், அவனுக்கு நெற்றியில் முடி எப்படி இறங்கியிருந்தது என்று சொன்னார். முப்பத்தைந்து வருடத்தில் நாங்களே முதல் தடவையாகக் கேட்டோம். அவன் பெயரை இங்கே எழுதவில்லை. அது உம்மா எங்களுக்கு வீட்டுக்குள் சொல்வதற்குத் தந்தது.

திரும்பி வரும்போது உம்மாவிடம் கேட்டோம், “இதை யார் உங்களுக்குச் சொல்லித் தந்த?” என்று. “யாரும் சொல்லித் தரல்ல. என்னட்ட யாராவது கேப்பாங்க எண்டு பாத்துக்கொண்டு இருந்தன்” என்றார்.

உறவுகளே, நாங்கள் பெரிய உபதேசம் செய்யத் தகுதியானவர்கள் அல்லர். தவறவிட்டவர்களாகச் சில விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

ஒரு வீட்டில் சின்னப் பிள்ளை மௌத்தானால், மூன்று நாளோடு நிறுத்திவிடாமல் மூன்றாம் மாதமும் போவோம். போனால் உபதேசத்தைக் குறைப்போம். பிள்ளையைப் பற்றிக் கேட்போம். அவள் சொல்ல விரும்பாவிட்டால் பேசாமல் பக்கத்தில் இருந்துவிட்டு வருவோம், பாத்திரத்தைக் கழுவிக் கொடுப்போம். ‘வயசு இருக்கு’ என்று சொல்லாதிருப்போம். அடுத்த பிள்ளை பிறந்தாலும் அது அந்தப் பிள்ளை அல்ல. நிபாஸில் இருப்பவளிடம், தொழ முடியாவிட்டாலும் துஆவும் திக்ரும் அவளுக்குத் திறந்துதான் இருக்கின்றன என்று நினைவூட்டுவோம். பிள்ளையின் உடுப்பையும் தொட்டிலையும், அவள் நன்மைக்குத்தான் என்று நினைத்து, அவளைக் கேட்காமல் அகற்றாதிருப்போம்.

ஆண்களிடமும் ஒன்று. ஜனாஸாவைக் கொண்டுபோகிறவர்கள் நீங்கள். அவளுக்குக் காணக் கிடைப்பது நீங்கள் வந்து சொல்வதுதான். எந்த இடம், எந்த மரம், யார் இறக்கினார்கள், மண் ஈரமாக இருந்ததா என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். எங்கள் வாப்பா ‘வேப்ப மரத்தடியில’ என்று சொன்ன ஒரு வார்த்தையில்தான் உம்மா இத்தனை வருடம் இருந்தார். நீங்களும் அழுங்கள். புத்தளத்து மேசையில் வாப்பா வெட்கத்தில் ‘ஐந்து’ என்றார். அவர் மனதில் எத்தனை என்று நாங்கள் கேட்கவே இல்லை, அவரும் போய்விட்டார்.

துக்கம் நாளுக்கு நாள் கூடி, சாப்பாடு நித்திரை இல்லாமல், வாழ வேண்டாம் என்று ஒருத்தி பேசத் தொடங்கினால், அதை ஈமான் குறைவு என்று சொல்லாதீர்கள். வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் கதைக்கலாம்.

கொப்பியில் போட்ட சிவப்பு வட்டத்தை அழிக்க முடியவில்லை. அழித்தால் தாள் கிழிந்துவிடும். பிள்ளையைக் கூப்பிட்டு, அவள் முன்னாலேயே வட்டத்துக்குப் பக்கத்தில் ‘சரி’ என்று அடையாளம் போட்டு, “டீச்சர்தான் பிழை” என்று சொன்னோம். அவள் கொப்பியை மூடிக்கொண்டு விளையாடப் போய்விட்டாள்.

எங்கள் உம்மாவுக்குப் பிள்ளைகள் ஆறு. பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்த எல்லாத் தாய்மாருக்கும், சொல்லிக்கொண்டவர்களுக்கும் சொல்லாமலே இருப்பவர்களுக்கும், கப்ர் எங்கே என்று தெரியாதவர்களுக்கும், கப்ரே கிடைக்காமல் போனவர்களுக்கும், அல்லாஹ் அழகிய ஆறுதலைக் கொடுப்பானாக. ஆமீன்.

உங்கள் துஆக்களில் எங்கள் உம்மாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.